மூத்தவள் பேசினால் தொப்பிக்கும் உயிர் வரும்



சித்திரை பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அலுவலக மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. இந்த வெயிலோடு வெயிலாக ஒரு கடிதம் வந்தது. தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியது. கோடு போட்ட முழுத்தாள் மூன்று, இரண்டு பக்கமும் நீல மை. சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த மந்திரவாதிக் கதை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு விண்வெளியைச் சொல்லுங்கள், வேதியியலைச் சொல்லுங்கள், பேயையும் பிசாசையும் எதற்கு அவர்கள் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றாவது தாளின் ஓரத்தில், இடம் போதாமல் தாளைத் திருப்பி, பொடி எழுத்தில் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தார். சின்ன வயதில் அம்புலிமாமா வேதாளத்துக்காக மாதம் முழுக்கக் காத்துக் கிடப்பாராம். இன்றைக்கும் முருங்கை மரத்தைக் கண்டால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறாராம்.

அந்த ஓரத்து வரிக்குத்தான், ஐயா, இந்தப் பக்கம்.

என் கடைசித் தங்கையின் மகள் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறாள். வந்த அன்றே என் மேஜைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, “பெரியம்மா, இது உங்களப் பத்தின கதை. பாதியில வைக்கக் கூடாது” என்றாள். அட்டையில் புகை கக்கிக்கொண்டு ஒரு கோட்டை. ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’, ஹவுலின் நடமாடும் கோட்டை. எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ், வெளியான ஆண்டு 1986. மந்திரம், பிசாசு, வேற்றுலகம் என்று கடைகளில் இளையோர் பகுதியில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தச் சாதிப் புத்தகம். அறுபதைத் தாண்டிய எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அலட்சியமாகத்தான் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டேன்.

இங்கரி என்று ஒரு நாடு. ஒரே எட்டில் காதக்கணக்கில் தாண்டும் பூட்ஸும், போர்த்தினால் ஆளை மறைக்கும் அங்கியும் அங்கே நிஜமாகவே புழக்கத்தில் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறப்பது பெரிய துரதிர்ஷ்டம். பாக்கியம் தேடிப் புறப்பட்டால் முதலில் தோற்பது மூத்ததுதான், ஜெயிப்பது கடைக்குட்டி. இது அங்கே ஊரறிந்த சங்கதி. சோஃபி ஹாட்டர் என்ற பெண் மூன்று பேரில் மூத்தவள். அதனால் தனக்கு ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று அவளே தீர்மானித்து வைத்திருக்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கதைகள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன, அவளும் நம்பிவிட்டாள்.

நம் கதைகள் மட்டும் என்னவாம்? ஏழு பேர் பிறந்தால் ஏழாவதுதான் ராஜகுமாரியைக் கொண்டுவருவான். மூத்தவர்கள் வழியில் எங்காவது கல்லாகச் சமைந்து நிற்பார்கள். அதைவிடக் கொடுமை ஒன்று நம் நாக்கிலேயே இருக்கிறது. மூதேவி என்று திட்டுகிறோமே, அந்தச் சொல்லுக்கு மூத்த தேவி என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. லட்சுமிக்கு அக்கா. தவ்வை என்று பழந்தமிழ் சொன்னதும் அவளைத்தான், அதற்கும் அக்கா என்றே பொருள். பல்லவர் காலத்தில் கல்லில் வடித்துக் கோயிலில் வைத்துக் கும்பிட்ட தெய்வம், பிறகு வசவாகிப் போனாள். அக்காவாகப் பிறந்ததைத் தவிர அவள் செய்த குற்றம் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டிலும் மூன்று பெண்கள், நான் மூத்தவள். அப்பாவின் சின்ன ஜவுளிக்கடை நொடித்த வருஷம் எனக்குப் பதினேழு வயது. அம்மா தையல் மெஷினை வாசல் திண்ணைக்கு நகர்த்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தேன். தங்கைகள் கல்லூரிக்குப் போனார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. நானும் பின்னால் தபால் வழியில் படித்து, எங்கெங்கோ சுற்றி, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வருத்தம்கூட வரவில்லை. மூத்தவள், அவ்வளவுதான் என்று இருந்தது. இதைத்தான் என் தங்கை மகள் எங்கேயோ மோப்பம் பிடித்திருக்கிறாள்.

சோஃபியின் அப்பா வைத்திருப்பது தொப்பிக்கடை. அவர் இறந்த பிறகு பார்த்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவே கடனாக நிற்கிறது. நடுப்பெண் லெட்டியைப் பலகாரக் கடையிலும், கடைக்குட்டி மார்த்தாவை மந்திரம் கற்றுக்கொள்ள ஓர் அம்மாளிடமும் அனுப்பிவிட்டு, மூத்தவளைக் கடையிலேயே இருத்திக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. பின்னறையில் தனியாக உட்கார்ந்து, தொப்பிக்கு ரிப்பனும் பூவும் வைத்துத் தைக்கிறாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அதனால் தொப்பிகளோடு பேசுகிறாள். உனக்குப் பணக்கார இடம் அமையும் என்று ஒரு தொப்பியிடம் சொல்வாள், உன்னைப் பார்த்தவர்கள் கண்ணெடுக்க மாட்டார்கள் என்று இன்னொன்றிடம். அந்தத் தொப்பிகளை வாங்கிப் போனவர்களுக்கு அப்படி அப்படியே நடக்கிறது. ஊரே அவள் கடையை மொய்க்கிறது. ஏன் என்று ஊருக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. நாவலின் பெரும்பகுதி முடியும்வரை தன் வாய்க்குள் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். கல்யாண ரவிக்கை தைக்கும்போது அம்மா கடைசிக் கொக்கியை இறுக்கிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து, “நல்ல இடத்துக்குப் போய்ச் சேரு” என்று முணுமுணுப்பாள். பெண்ணைச் சொல்கிறாளா ரவிக்கையைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதே இல்லை. அம்மா தைத்துக் கொடுத்தால் ராசி என்று நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் துணி கொண்டுவருவார்கள். வாய் முகூர்த்தம் என்போம். அதே வாய் கெடுதலைச் சொல்லிப் பலித்துவிட்டால் கருநாக்கு என்போம். ஜோன்ஸ் இந்த மந்திரத்துக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நமக்குப் பெயரும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

ஒருநாள் கடைக்குப் பாழ்நிலத்துச் சூனியக்காரி வருகிறாள். ஏதோ ஒரு கோபத்தில், போகிற போக்கில் கையை வீசிவிட்டுப் போகிறாள். சோஃபி முகத்தைத் தடவிப் பார்த்தால் சுருக்கம், நிமிர்ந்தால் முதுகில் வலி. கிழவி ஆகிவிட்டாள். சாபத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு, தனக்கு நேர்ந்ததை அவளால் வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியாது.

இங்கே நான் ஒப்பாரியை எதிர்பார்த்தேன். சோஃபி கண்ணாடி முன் நின்று நிதானமாகப் பார்க்கிறாள், கொஞ்சம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் முடிந்துகொள்கிறாள், கடையைவிட்டு இறங்கி நடக்கிறாள். முந்தைய தினம்வரை தெருவில் கூட்டத்தைப் பார்த்தாலே நடுங்கியவள், இப்போது வழியில் போகிற இடையனை அதட்டுகிறாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிழவிதானே, அப்படித்தான் இருப்பாள். இருட்டும் நேரத்தில், ஊரே பேரைக் கேட்டால் கதவைச் சாத்தும் மந்திரவாதி ஹவுலின் கோட்டை மலைமேல் தானாக நகர்ந்து வருகிறது. இளம் பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று அவனுக்குப் பெயர். கிழவியின் இதயத்தை யார் தின்னப் போகிறார்கள்? கோட்டையை நிற்கச் சொல்லி அதட்டி, உள்ளே ஏறி, அடுப்படி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறாள்.

இதை வாசிக்கும் தமிழ்ப் பெண் யாருக்கும் ஒளவை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கல்யாணப் பேச்சு வந்தபோது பிள்ளையாரிடம் அழுது முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பது கதை. 1953-ல் வந்த ஜெமினியின் ‘ஒளவையார்’ படத்திலும் அந்தக் காட்சி உண்டு. முதுமை வந்த பிறகுதான் அவள் ராஜசபைக்குப் போனாள், சேர சோழரிடம் சரிக்குச் சரி பேசினாள், காட்டு வழியில் தனியே நடந்தாள். காரைக்கால் புனிதவதி இன்னும் ஒரு படி மேலே போனாள். கணவன் இவளைத் தெய்வமென்று கும்பிட்டு விலகிய பிறகு, தசையும் அழகும் வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கயிலைக்குத் தலையாலேயே நடந்தாள். பேய் என்றால் பயம் என்கிறோம், ஐயா. நாயன்மார் வரிசையில் ஒரு பேயைத்தானே அம்மை என்று கும்பிடுகிறோம்?

ஒளவையும் அம்மையும் கேட்டு வாங்கினார்கள், சோஃபிக்குச் சாபமாக வந்தது என்று வித்தியாசம் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாவலின் பிற்பகுதியில் ஓர் இடம் வருகிறது. அவள்மேல் சாபம் இருப்பது ஹவுலுக்கு முதலிலிருந்தே தெரியும். அவளுக்குத் தெரியாமல் அதை எடுக்கவும் பார்த்திருக்கிறான். அது போகவில்லை. இவளுக்கே இந்த வேஷம் பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்து விட்டுவிடுகிறான். சூனியக்காரி போட்டது பாதி, மீதியை அவளே இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். ஆள் முன்னால் வாய் திறக்கத் தெரியாத மூத்த பெண்ணுக்குக் கிழவியின் தோல் பெரிய சௌகரியம். எங்கள் தெருவில் அறுபது வயதுக்கு மேல்தான் சத்தமாகச் சிரிக்கத் தொடங்கிய பெண்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிசாசுக்கு வருகிறேன். தமிழாசிரியர் ஐயாவின் வழக்கு அதுதானே.

ஹவுலின் கோட்டை அடுப்பில் எரிவது விறகு நெருப்பு மாதிரித்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் அதில் நீல முகம், பச்சைச் சுவாலையில் தலைமுடி. பெயர் கால்சிஃபர், நெருப்புப் பிசாசு. நம் ஊர் வார்த்தையில் கொள்ளிவாய்ப் பிசாசு. ஆனால் சதுப்பு நிலத்தில் அலைந்து ஆளை மிரட்டும் நம் பிசாசுக்கு இருக்கும் சுதந்திரம் இதற்குக் கிடையாது. அடுப்பைவிட்டு நகர முடியாது. கோட்டையை நகர்த்துவது இது, குளிக்க வெந்நீர் போடுவது இது, காலையில் முட்டையும் பன்றி இறைச்சியும் வறுக்கத் தலையைக் குனிந்து கொடுக்க வேண்டியதும் இது. குனியும்போதெல்லாம் முனகல். விறகு வைக்க மறந்தால் புலம்பல். பூதம் என்றால் கைகட்டி நின்று ஆணைக்குக் காத்திருக்கும் என்று அலாவுதீன் கதையில் பழகிய நமக்கு, வீட்டு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டு தினமும் அலுத்துக்கொள்ளும் இந்தப் பிசாசு புதுசு. நான்கைந்து பக்கத்துக்குள் நம் வீட்டு ஆளாகிவிடுகிறது.

ஹவுலுக்கும் கால்சிஃபருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது இருவரையும் அரிக்கிறது. சோஃபி அதை முறித்துக் கொடுத்தால், பதிலுக்குத் தான் அவள் சாபத்தை எடுப்பதாகப் பிசாசு பேரம் பேசுகிறது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது, அவளே கண்டுபிடித்தாக வேண்டும். தன் துயரத்தைச் சொல்ல முடியாத ஒருத்தியும் தன் கட்டைச் சொல்ல முடியாத ஒரு நெருப்பும் ஒரே அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். விக்கிரமனுக்கும் வேதாளத்துக்கும் இருந்த நிபந்தனை நினைவிருக்கிறதா? விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை சுக்குநூறாகும், பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். பிசாசுக் கதைகளில் எங்கே தோண்டினாலும் அடியில் கிடப்பது பேச்சுதான். யார் பேசலாம், யார் பேசக் கூடாது, எது வாயைவிட்டு வந்தால் என்ன ஆகும்.

அந்த ஒப்பந்தத்தின் ரகசியத்தை நான் சொல்லப் போவதில்லை. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் என்று பாட்டி சொன்ன கதை உங்கள் காதில் இன்னும் இருந்தால், பாதி வழியிலேயே உங்களுக்குப் பொறி தட்டிவிடும். இதற்குமேல் எழுதினால் இங்கே ஒருத்தி சண்டைக்கு வருவாள்.

வேற்றுலகம் என்று சொன்னேனே, அதில்தான் ஜோன்ஸின் குறும்பு முழுசாக இருக்கிறது. கோட்டையின் கதவுக் குமிழில் நான்கு நிறங்கள். பச்சையைத் திருப்பினால் கோட்டை நகரும் மலைச்சரிவு. நீலத்துக்குத் துறைமுக ஊர், சிவப்புக்குத் தலைநகரம். கறுப்பைத் திருப்பினால்? அங்கே போவது ஹவுல் மட்டும்தான். சோஃபி மிரண்டு மிரண்டு அந்தக் கதவைத் தாண்டினால், அங்கே வேல்ஸ் இருக்கிறது. 1980-களின் நிஜ வேல்ஸ். மஞ்சள் தெருவிளக்கு, வரிசை வீடுகள், கார். பயங்கர மந்திரவாதி ஹவுலின் இயற்பெயர் ஹவெல் ஜென்கின்ஸ். பெரிய படிப்புப் படித்துவிட்டு உருப்படியாக ஒரு வேலைக்குப் போகவில்லையே என்று அக்கா வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டுகிறாள். அக்கா மகன் கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோஃபிக்கு அந்தப் பெட்டியும் படமும்தான் மந்திரம், காரில் ஏறியதும் உயிர் போய்த் திரும்புகிறது. இத்தனை பக்கம் இங்கரியில் நடந்து பழகிய நமக்கும் நம் உலகம் வினோதமாகத் தெரிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நாம்தான் வேற்றுலகம்.

அங்கே ஒரு பள்ளிக்கூட வீட்டுப்பாடத் தாள், தவறுதலாக மந்திரத் தாளோடு இடம் மாறிப் போகிறது. வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின் பாட்டு. நடக்கவே முடியாத காரியங்களை அடுக்கிக்கொண்டு போகும் கவிதை அது. ஹவுலின் சீடன் மைக்கேல் அதை மந்திரச் செய்முறை என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறான். சூனியக்காரி அதையே சாபமாக்கி ஹவுல்மேல் ஏவியிருக்கிறாள். பாட்டில் உள்ள நடக்காத காரியங்கள் ஒவ்வொன்றாக நடந்து முடியும்போது சாபம் பிடிக்கும். பாட்டே கொல்லுமா என்று ஆங்கில வாசகன் வியந்திருப்பான். அறம் வைத்துப் பாடுதல் என்று நாம் சொல்வது வேறென்ன? நந்திக் கலம்பகத்தைப் பந்தல் பந்தலாக இருந்து கேட்டுக் கடைசியில் எரிந்துபோனான் பல்லவ நந்திவர்மன் என்ற கதையைத் தமிழாசிரியரான உங்களிடம் நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது.

ஹவுலைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்பருவப் பெண்கள் அவன்மேல் பைத்தியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, ஆனால் புத்தகத்து ஹவுல் சகிக்க முடியாத ஆள். குளியலறைக்குள் போனால் இரண்டு மணி நேரம். தலைச் சாயம் மாறிப்போனது என்பதற்காக உடம்பெல்லாம் பச்சைக் கொழகொழவாக வழிய விட்டு, இருண்ட சக்திகளை அழைத்து ஊளையிட வைத்து, ஊரையே கூட்டுகிறான். சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று குளியலறைப் புட்டிகளை இடம் மாற்றி வைத்தவள் சோஃபி. சளி பிடித்தால் செத்துப்போகிற மாதிரி அனத்துவான். ராஜா ஒரு வேலை சொல்லிவிடுவார் என்று பயந்து, தன்னைப் பற்றிக் கெடுதலாகச் சொல்லச் சொல்லிக் கிழவி சோஃபியைத் தன் அம்மாவாக வேஷம் போட்டு அரண்மனைக்கு அனுப்புகிறான். நழுவுவதில் மன்னன். இவனுக்கு மந்திரம் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை, நல்லவனாகவும் இருக்கிறான் என்பதைத்தான் கடைசிவரை நம்ப முடியவில்லை.

இந்தப் புத்தகத்தை எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. ஜோன்ஸும் மூன்று பெண்களில் மூத்தவர். 1934-ல் லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் உலகப் போர் மூண்டது. குழந்தைகளை முதலில் வேல்ஸிலிருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு வடக்கே ஏரிகள் நிறைந்த பிரதேசத்துக்கு. அங்கே கரையோரத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பொறுக்காமல் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனவர் ஆர்தர் ரேன்சம், சிறுவர் நாவல்களுக்குப் பேர் போனவர். வாயிற்கதவில் தொங்கி ஆடினாள் என்று தங்கையை அறைந்தவர் முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர். வரைவதற்குக் காகிதம் கிடைக்காத காலம். பரணில் கிடந்த தாள்களில் யாரோ வரைந்திருந்த பூக்களை அழித்துவிட்டுத் தான் வரையப் போய் மாட்டிக்கொண்டார். அவை ஜான் ரஸ்கின் வரைந்த படங்கள். சிறுவர்களுக்காக எழுதுகிறவர்களுக்குச் சிறுவர்களைப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது ஆறு வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

போர் முடியும் முன்பே குடும்பம் எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊரில் குடியேறியது. பெற்றோர் அங்கே ஒரு கல்வி மையத்தை நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குக் கருத்தரங்கு, விருந்து, தங்குமிடம் எல்லாம் உண்டு. சொந்தப் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டுக்கு வெளியே, கணப்பு இல்லாத ஒரு கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள். அப்பா சிக்கனத்துக்குப் பேர் போனவர். ரேன்சமின் நாவல் வரிசையை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒரு புத்தகம் என்று மூன்று பேருக்கும் பொதுவாகக் கொடுப்பாராம். படிக்க ஒன்றும் இல்லாத தங்கைகளுக்காக அக்கா நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதி, ராத்திரி வாசித்துக் காட்டினார். எழுத்தாளர் ஆனது அந்தக் கொட்டகையில்தான். தங்கைகளில் ஒருவர் பின்னாளில் பெயர் பெற்ற இலக்கிய விமர்சகர் ஆனார், மற்றவர் நடிகை, எழுத்தாளர். 2011-ல் ஜோன்ஸ் இறந்தபோது பாதியில் நின்ற நாவலை அந்தக் கடைசித் தங்கைதான் எழுதி முடித்தார். அக்கா வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காது, அக்காவின் குரல் எங்கே நின்றது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு வகுப்பெடுத்தவர்களில் சி. எஸ். லூயிஸும் டோல்கீனும் உண்டு. லூயிஸின் குரல் அரங்கத்தை நிறைக்குமாம். டோல்கீன் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பாராம். ஆட்கள் வராமல் போனால் வீட்டுக்குப் போய் எழுதலாமே என்பது அவர் கணக்கு என்று ஜோன்ஸ் கடைசிவரை நம்பினார். அப்படியும் விடாமல் போய் உட்கார்ந்தவர்களில் இவர் ஒருவர். 1977-ல் எழுதிய ‘சார்ம்டு லைஃப்’ நாவலுக்கு கார்டியன் பரிசு கிடைத்தது. மந்திரவாதியின் மாளிகைக்குப் போய்ச் சேரும் அனாதைச் சிறுவனின் கதை அது, ஹாரி பாட்டர் வருவதற்கு இருபது வருஷம் முன்பு. நடமாடும் கோட்டை வந்தபோது பெரிய ஆரவாரம் இல்லை. இருபது வருஷம் கழித்து, 2006-ல், அதற்கு ஃபீனிக்ஸ் விருது கொடுத்தார்கள். வெளியான காலத்தில் பெரிய பரிசு எதுவும் வாங்காமல், இருபது ஆண்டு தாண்டியும் நிற்கிற சிறுவர் நூலுக்கென்றே உள்ள விருது. மூத்த பெண்களுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும் போலிருக்கிறது.

படத்தைச் சொல்லாமல் விட்டால் இளைய வாசகர்கள் கோபிப்பார்கள். ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்துக்காக ஹயாவோ மியாசாகி 2004-ல் எடுத்தது. எங்கள் வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்கு வந்தாள். அழகான படம், சந்தேகமில்லை. கோட்டைக்குக் கோழிக்கால் கொடுத்து நடக்கவிட்டது அவர் கற்பனை. ஆனால் அவர் மனசு முழுக்கப் போர். வானத்தில் குண்டு விமானங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்று சகோதரிகளில் ஒருத்தியே காணாமல் போய்விட்டாள், வேல்ஸும் இல்லை, கறுப்புக் கதவு போர்க்களத்துக்குத் திறக்கிறது. சோஃபியின் வாய்மந்திரமும் ஏறக்குறைய போய்விட்டது. படத்தில் அவள் அன்பினால் ஜெயிக்கிறாள், புத்தகத்தில் வாயால் ஜெயிக்கிறாள். என்னைக் கேட்டால் புத்தகம்தான். பக்கத்து அறையிலிருந்து இதற்கு ஆட்சேபம் வருகிறது.

ஐயா, உங்கள் கேள்வியை மறக்கவில்லை. விண்வெளியும் வேதியியலும் வரும் இதழ்களில் உண்டு, அதில் தகராறு இல்லை. மந்திரவாதியும் இருப்பான். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு பிசாசுக் கதையைக் கொண்டுவந்து, அது தன் பெரியம்மாவைப் பற்றியது என்று மேஜையில் வைக்கிறாள். நான் திண்ணையில் உட்கார்ந்து ஃபால்ஸ் தைத்ததை அவளிடம் யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. வேதியியல் புத்தகம் எதையும் அவள் அப்படிக் கொண்டுவந்து வைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நாவல் பிறந்த கதையை ஜோன்ஸ் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது ஒரு பையன் எழுந்து, நடமாடும் கோட்டை என்று ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டானாம். அவன் பெயரைக் குறித்துக்கொண்டு, மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தாராம். அவ்வளவு பத்திரமான இடம், பிறகு அகப்படவே இல்லை. பெயர் தெரியாத அந்தப் பையனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குகிறார்.

தென்காசி ஐயாவுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று வாங்கி, தாள் சுற்றி, நூல் கட்டி வைத்திருக்கிறேன். முகவரி அவர் கடிதத்தில் இருக்கிறது. கடிதத்தை மட்டும் தொலைந்துவிடக் கூடாதே என்று ஓர் இடத்தில் பத்திரமாக எடுத்து வைத்தேன். மூன்று நாளாகத் தேடுகிறோம். ஐயா, சிரமம் பார்க்காமல் இன்னொரு தடவை எழுதிப் போடுங்கள். திட்டி எழுதினாலும் சரி, முகவரி இருந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்